பழைய லேப்டாப்பில் பிட்காயின் நோடும் இன்டெக்ஸரும்: முன்கூட்டி எதையெல்லாம் தயார் செய்ய வேண்டும்?

கேள்வி: வீட்டில் ஒரு பழைய லேப்டாப் சும்மா கிடக்கிறது. ஐ5 பிராசஸர், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். அதில் பிட்காயின் கோர் போட்டு, அதன் மேல் எலெக்ட்ர்ஸ் இன்டெக்ஸரையும் ஓட்டி, என் எலெக்ட்ரம் வாலட்டை அதோடு இணைக்க ஆசை. லேப்டாப் தாங்குமா? பிராசஸர் போதாதோ என்று பயமாக இருக்கிறது. எத்தனை நாள் ஆகும்? எங்கள் ஊரில் கரண்ட் அடிக்கடி போகும்.

பதில்:

பிராசஸரைப் பற்றிய கவலையை விடுங்கள். இரண்டு கோர் உள்ள பழைய ஐ5 ஆனாலும் இந்த வேலையைச் செய்துவிடும். எனக்குக் கவலை தருவது அந்த ஹார்ட் டிஸ்க்தான். அதை அப்படியே வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் வாரக்கணக்கில் ஓடும், ஒருநாள் அலுத்துப்போய் நீங்களே நிறுத்திவிடுவீர்கள். டிஸ்க் ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிந்துவிட்டால் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் எளிதாக விளங்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிளாக்செயினைத் தமிழில் பேரேடு என்று எழுதுகிறோம். பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இந்தச் சொல் கொஞ்சம் உறுத்தும். நடந்த கொடுக்கல் வாங்கலை நடந்த வரிசையிலேயே எழுதி வைப்பது குறிப்பேடு. அதிலிருந்து ஆள்வாரியாக, கணக்குவாரியாகப் பிரித்து எடுத்து எழுதுவதுதான் பேரேடு. பிட்காயின் கோர் என்பது உங்கள் கணினியை நோடாக, அதாவது எல்லாப் பதிவுகளையும் தானே வைத்துச் சரிபார்க்கும் கணினியாக, ஆக்கும் மென்பொருள். அது வைத்திருப்பது குறிப்பேடு. பரிவர்த்தனைகளின் ஒவ்வொரு கட்டும் ஒரு பிளாக்; 2009 ஜனவரி 3ஆம் தேதியிட்ட முதல் பிளாக்கிலிருந்து இன்றுவரை எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஆனால் ‘இந்த முகவரிக்கு எப்போதெல்லாம் பணம் வந்தது, போனது?’ என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்க அதனிடம் பட்டியல் கிடையாது. அந்தப் பட்டியலை, அதாவது பேரேட்டை, எழுதித் தருவதுதான் எலெக்ட்ர்ஸ்.

சொந்தமாக இதைச் செய்ய நினைக்கிறீர்களே, அது நல்ல முடிவு. எலெக்ட்ரம் வாலட்டைத் திறந்ததும் அது யாரோ ஒருவர் நடத்தும் சர்வரிடம் போய் உங்கள் முகவரிகளை ஒவ்வொன்றாகக் கேட்கும். உங்களிடம் மொத்தம் எவ்வளவு இருக்கிறது, எந்தெந்த முகவரிகள் ஒரே ஆளுடையவை என்பதெல்லாம் அந்தச் சர்வர்காரருக்குத் தெரிந்துவிடும். வங்கிப் பாஸ்புக்கை முகம் தெரியாதவரிடம் கொடுத்து ‘பேலன்ஸ் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்பது போன்றது அது. அந்தக் கேள்வி உங்கள் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

இனி டிஸ்க். வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் பிட்காயின் கோர் எல்லா பிளாக்குகளையும் தரவிறக்கிச் சரிபார்க்கும். ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் செலவாகும் காசு உண்மையிலேயே இருந்ததா, ஏற்கெனவே செலவாகிவிட்டதா என்று பார்க்க, செலவாகாத காசுகளின் பட்டியலில் தேட வேண்டும். செயின்ஸ்டேட் என்ற கோப்புறையில் அந்தப் பட்டியல் இருக்கிறது. 2023 ஜனவரியில் ஆர்டினல்ஸ் (பிட்காயினிலேயே படம், எழுத்து போன்றவற்றைப் பதியும் முறை) வந்து, சின்னச் சின்ன காசுகளாகச் சிதறடிக்கும் பழக்கம் பரவியதும் அது 5 ஜிபி அளவிலிருந்து 10 ஜிபிக்கு மேல் போய்விட்டது. உங்கள் 8 ஜிபி ராமுக்குள் முழுசாக அடங்காது. ஆகவே தேடல்களில் ஒரு பங்கு டிஸ்க்குக்குப் போயே தீரும், அதுவும் முன்பின் வரிசை இல்லாமல் மூலைக்கொன்றாக.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். லேப்டாப்பில் இருக்கும் 5400 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 11 மில்லி செகண்ட் ஆகும். வேண்டிய இடம் தலைக்கு நேராக வர சராசரியாக அதில் பாதி. தலை அந்தத் தடத்துக்கு நகர்ந்து வர இன்னொரு 12 என்று வையுங்கள். ஆக, ஒரு தேடலுக்கு 17 மில்லி செகண்ட். ஒரு பிளாக்கில் 5,000 உள்ளீடுகள் (செலவாகும் காசுகள்), ராமில் எதுவும் சிக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் டிஸ்க்குக்குப் போக வேண்டும் என்றால் ஒரு பிளாக்குக்கு 85 செகண்ட். பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்றால் வருடத்துக்கு 52,560 பிளாக். ஒரே ஒரு வருடத்துப் பிளாக்குகளுக்கு 52 நாள்! நடைமுறையில் ராம் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்வதால் இவ்வளவு மோசமாகப் போகாது, ஆனாலும் எந்தத் திசையில் இழுக்கும் என்பது தெரிகிறதல்லவா? எஸ்எஸ்டியில் அதே தேடலுக்கு 0.1 மில்லி செகண்ட் அளவுதான் ஆகும். மேலே சொன்ன 52 நாள் ஏழெட்டு மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். நோடு ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு டெர்மினலில் ஐஓஸ்டாட் என்ற கருவியை ஓட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் 100 சதவீதம் வேலையில் இருப்பதாகக் காட்டும். ஆனால் படிக்கும் வேகம் செகண்டுக்கு ஒன்றிரண்டு எம்பியைத் தாண்டாது. பிராசஸரோ பெரும்பாலும் சும்மா இருக்கும். டிஸ்க்கின் தலை அங்கும் இங்கும் ஓடியே நேரம் கழிகிறது. கூடவே டீபக்.லாக் கோப்பைத் திறந்து வையுங்கள், ஒவ்வொரு பிளாக்குக்கும் ‘அப்டேட்டிப்’ என்று தொடங்கும் ஒரு வரி வரும். அதன் நடுவில் பிளாக் எண்ணும் முன்னேற்ற விகிதமும் இருக்கும். முதல் இரண்டு லட்சம் பிளாக்குகள் கண்ணிமைக்கும் வேகத்தில் ஓடும். அவை ஏறக்குறைய காலிப் பிளாக்குகள். ‘ஆகா, இன்று ராத்திரிக்குள் முடிந்துவிடும்’ என்று அப்போது தோன்றும், நம்ப வேண்டாம். பிளாக் எண்ணைப் பார்க்காமல் விகிதத்தை மட்டும் பாருங்கள், அது பரிவர்த்தனைகளின் எண்ணிக்கையை வைத்துப் போடும் கணக்கு.

எஸ்எஸ்டி வாங்கியாக வேண்டும். எவ்வளவு பெரியது? பிளாக்குகள் மட்டும் 700 ஜிபியைத் தாண்டிவிட்டன. அவற்றோடு ரெவ் என்று தொடங்கும் கோப்புகள் சில பத்து ஜிபி வரும், பின்னோக்கிப் போக வேண்டி வந்தால் அவை தேவைப்படும். செயின்ஸ்டேட் பத்துக்கு மேல். எலெக்ட்ர்ஸின் இன்டெக்ஸ் இன்னும் ஒரு ஐம்பது, அறுபது. இதெல்லாம் போக, எழுதியதை ஒழுங்குபடுத்திச் சுருக்கும் வேலை நடக்கும்போது அதற்குத் தற்காலிகமாகக் கூடுதல் இடம் வேண்டும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறை வேறு 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளும். 1 டிபியில் அது 50 ஜிபி. டேட்டாவுக்கு மட்டுமான பார்டிஷனில் ட்யூன்2எஃப்எஸ் கட்டளையால் அதை 1 சதவீதமாகக் குறைத்துவிடலாம், ஆபத்து ஒன்றுமில்லை. எப்படிக் குறைத்தாலும், வருடத்துக்கு 80 ஜிபிக்குக் குறையாமல் வளரும் ஒன்றுக்கு 1 டிபி சீக்கிரமே மூச்சு முட்டிவிடும். 2 டிபி வாங்குங்கள்.

வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். க்யூஎல்சி வகையாக (ஒரு செல்லில் நான்கு பிட்) இல்லாமல் டிஎல்சி வகையா (மூன்று பிட்), உள்ளே டிராம் என்ற தனி நினைவகம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மலிவான க்யூஎல்சி எஸ்எஸ்டி முதல் சில பத்து ஜிபியை வேகமாக வாங்கிக்கொள்ளும். அதன் உள்ளிருக்கும் தற்காலிக இடம் நிரம்பியதும் படுத்துவிடும். ஒரு படம் காப்பி செய்பவருக்கு இது தெரியவே தெரியாது. நாள்கணக்கில் விடாமல் எழுதும் நமக்கு அதுவே எல்லாம். ஆயுளிலும் வித்தியாசம் உண்டு: நல்ல 1 டிபி டிஎல்சி எஸ்எஸ்டிக்கு 600 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் தருவார்கள், க்யூஎல்சியில் 200 என்றே போட்டிருப்பதும் உண்டு. சில ஆயிரம் ரூபாய்க்கு 16 டிபி என்று ஆன்லைனில் விற்கும் கையடக்க டிஸ்க்குகள் சுத்த மோசடி. சந்தேகம் இருந்தால் எஃப்3 என்ற கருவியால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதித்துவிட்டுப் பிறகு நம்புங்கள்.

2 டிபிக்குப் பணம் இல்லை என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது, பலர் இதைச் சொல்வதில்லை. பிட்காயின் கோரில் பிளாக்ஸ்டிர் என்ற அமைப்பு உண்டு. அதை வைத்துப் பிளாக் கோப்புகளை மட்டும் பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, செயின்ஸ்டேட்டையும் எலெக்ட்ர்ஸின் இன்டெக்ஸையும் ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டியில் வைக்கலாம். பிளாக் கோப்புகள் 128 எம்பி அளவில், ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படுபவை. அந்த மாதிரி வேலைக்கு ஹார்ட் டிஸ்க் சளைக்காது. மூலைக்கொன்றாகத் தேடும் வேலை முழுக்க எஸ்எஸ்டிக்குப் போய்விடும். இரண்டு வருடத்துக்குள் ஹார்ட் டிஸ்க் நிரம்பும், அப்போது பெரியது வாங்கிக்கொள்ளலாம். ப்ரூன் செய்து, அதாவது பழைய பிளாக்குகளை அழித்து, இடத்தை மிச்சம் பிடிக்கலாமே என்று நினைக்காதீர்கள். எலெக்ட்ர்ஸுக்கு எல்லா பிளாக்கும் வேண்டும்.

எலெக்ட்ர்ஸ் ஏன் இவ்வளவு சின்ன இன்டெக்ஸோடு சமாளிக்கிறது என்பது அழகான விஷயம். ஒவ்வொரு முகவரியின் ஸ்கிரிப்ட்டையும் (காசை யார் செலவழிக்கலாம் என்ற விதி) எஸ்ஹெச்ஏ-256 முறையில் ஹாஷ் ஆக்கி, அதாவது ஒரே நீளமுள்ள அடையாளக் குறியீடாக மாற்றி, அதன் முதல் 8 பைட்டையும், அது வந்த பிளாக்கின் எண்ணை 4 பைட்டிலும் எழுதி வைக்கிறது. ஒரு வரிக்கு 12 பைட், அவ்வளவுதான். தொகையோ நாளோ அதில் கிடையாது. நீங்கள் கேட்கும்போது ‘இந்த முகவரி இந்த இந்தப் பிளாக்குகளில் வந்திருக்கலாம்’ என்று பார்த்து, அந்தப் பிளாக்குகளை நோடிடம் வாங்கிப் பிரித்துப் பார்த்துப் பதில் சொல்லும். ஒரு குடும்பத்தின் வாலட்டுக்கு இது தாராளம். ஆயிரக்கணக்கான பரிவர்த்தனை உள்ள முகவரியைக் கேட்டால் திணறும். அந்த மாதிரித் தேவை இருந்தால் ஃபுல்க்ரம் என்ற இன்னொரு இன்டெக்ஸர் நல்லது. அது விவரங்களையும் சேர்த்தே எழுதி வைப்பதால் வேகம், ஆனால் இடம் இரண்டு மடங்குக்கு மேல் எடுக்கும். உங்களுக்கு எலெக்ட்ர்ஸ் போதும். பரிவர்த்தனை எண்ணை வைத்துத் தேட உதவும் டிஎக்ஸ்இன்டெக்ஸ் அமைப்பைப் போட வேண்டும் என்று பழைய வழிகாட்டிகளில் இருக்கும், இன்றைய எலெக்ட்ர்ஸுக்கு அது தேவையில்லை. பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் பிளாக் எக்ஸ்புளோரரும் வைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் போடுங்கள்.

ராம் விஷயத்துக்கு வருகிறேன். 8 ஜிபி போதும், ஆனால் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும். பிட்காயின்.கான்ஃப் கோப்பில் டிபிகேஷ் என்று ஒரு எண் உண்டு. ஒன்றும் சொல்லாவிட்டால் பல பதிப்புகளில் அது 450 எம்பி. முதல் சரிபார்ப்பு நடக்கும்வரை அதை 4000 ஆக்குங்கள். எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு டிஸ்க்குக்குப் போகும் தேடல் குறையும். 7000 என்று போட்டுவிடாதீர்கள், லினக்ஸ் கெர்னல் நினைவகம் போதாமல் நோடையே கொன்றுவிடும். சரிபார்ப்பு முடிந்ததும் மறுபடி 450க்கே கொண்டுவந்துவிட்டு, அதன் பிறகு எலெக்ட்ர்ஸைத் தொடங்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிட்டால் வேகமாக முடியும் என்று தோன்றும். நோடு முழுவதும் ஒத்திசையும்வரை எலெக்ட்ர்ஸ் எப்படியும் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

பழைய ராம் என்பதால் இன்னொன்று. ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86+ ஓட்டுங்கள். பாட்டுக் கேட்கும்போதும் இணையம் பார்க்கும்போதும் வெளியே தெரியாத ஒரு பிட் பிழை, இங்கே டேட்டாபேஸ் பழுது என்று வந்து நிற்கும். ஒவ்வொரு பைட்டையும் ஹாஷ் போட்டுச் சரிபார்க்கும் மென்பொருள் இது. கணினியில் ஒளிந்திருக்கும் எந்தக் குறையும் இதில் வெளியே வந்துவிடும்.

அடுத்தது கரண்ட். இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதன்முதலில் ஒரு டெஸ்க்டாப்பில் இதைப் போட்டேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, அதனால் தைரியமாக விட்டுவிட்டேன். நாலாம் நாள் ராத்திரி கரண்ட் போனது. ஃபேன் நிற்கவில்லை, லைட் ஒரு கணம் மங்கி வந்தது. ஆனால் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. காலையில் பார்த்தால் செயின்ஸ்டேட் கெட்டுப்போய், மறுபடி கட்டச் சொல்லி நின்றது. இன்வெர்ட்டரின் பின்னால் இருந்த சுவிட்ச் நார்மல் முறையில் இருந்ததுதான் காரணம். அதில் மின்சாரம் மாறும் இடைவெளியைக் கணினியின் பவர் சப்ளை தாங்காது, யுபிஎஸ் முறைக்கு மாற்றினால் தாங்கும். உங்கள் வீட்டு இன்வெர்ட்டரிலும் இதை முதலில் பாருங்கள். அப்படி ஆகிவிட்டால் பதறி எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். ரீஇன்டெக்ஸ்-செயின்ஸ்டேட் என்ற கட்டளை, தரவிறக்கிய பிளாக்குகளை வைத்தே பட்டியலைத் திரும்பக் கட்டித் தரும். நேரம்தான் போகும், 700 ஜிபி மறுபடி இறக்க வேண்டியதில்லை.

உங்களிடம் இருப்பது லேப்டாப் என்பதால் பேட்டரியே யுபிஎஸ். அரை மணி நேரம் தாங்கும் பேட்டரி இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் வருடக்கணக்கில் சார்ஜரிலேயே கிடந்தால், அதுவும் நம் ஊர் வெயிலில், பேட்டரி உப்பும். பயாஸில் சார்ஜை 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பக்கம் ஏற்கெனவே புடைத்திருந்தால், டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தால், அந்தப் பேட்டரியை இன்றே கழற்றிவிடுங்கள். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு, இதில் சமரசமே வேண்டாம். உள்ளே ஃபேனில் அடைந்திருக்கும் தூசியைத் தட்டி, தெர்மல் பேஸ்ட்டையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

லேப்டாப்புக்கென்று இன்னும் இரண்டு இடறல்கள். மூடியை மூடியதும் தூங்கிப்போகும். லாகின்ட்.கான்ஃப் கோப்பில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச் என்ற வரியை ‘இக்னோர்’ என்று மாற்ற வேண்டும். இன்னொன்று, மதர்போர்டில் உள்ள அந்தச் சின்ன வட்ட பேட்டரி. அது செத்திருந்தால் ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். நேரம் இரண்டு மணிக்கு மேல் முன்னால் இருக்கும் பிளாக்கை பிட்காயின் கோர் ஏற்காது. உங்கள் கடிகாரம் பின்தங்கியிருந்தால் இன்று வந்த பிளாக்கே அதற்கு எதிர்காலப் பிளாக்காகத் தெரியும். நோடு எல்லாம் சரியாக இருந்தும் ஒரே இடத்தில் நின்றுவிடும். காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. சின்ன பேட்டரியை மாற்றுங்கள், நேர ஒத்திசைவு ஓடுகிறதா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நிறுத்தும் முறையும் முக்கியம். நிறுத்தச் சொன்னதும் நோடு ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதத் தொடங்கும், சில நிமிடம் பிடிக்கலாம். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி சாதாரணமாக 90 செகண்ட் பொறுத்துவிட்டுப் பலவந்தமாகக் கொன்றுவிடும். சர்வீஸ் கோப்பில் அந்தக் காத்திருப்பை 600 செகண்ட் ஆக்குங்கள். பிட்காயின் கோரோடு வரும் மாதிரி சர்வீஸ் கோப்பிலும் அப்படித்தான் இருக்கிறது.

இயங்குதளம் டெபியன் அல்லது உபுண்டு சர்வர், டெஸ்க்டாப் எல்லாம் வேண்டாம், அந்த ராம் நமக்கு வேண்டும். டேட்டா டிஸ்க்கை எக்ஸ்ட்4 ஆகவே ஃபார்மட் செய்யுங்கள். எடுத்துப் போக வசதி என்று எக்ஸ்ஃபேட்டில் வைக்காதீர்கள். பிட்காயின் கோரைத் தரவிறக்கியதும் கையொப்பத்தையும் ஹாஷையும் சரிபார்த்துவிட்டே நிறுவுங்கள். எலெக்ட்ர்ஸை ரஸ்ட் மொழியின் கருவிகளால் கம்பைல் செய்ய வேண்டும், அதற்கு கிளாங் என்ற கம்பைலரும் தேவைப்படும். ‘திறந்த கோப்புகள் அதிகம்’ என்று பிழை வந்தால் திறக்க அனுமதிக்கும் கோப்புகளின் வரம்பைக் கூட்டுங்கள். இன்டெக்ஸ் எழுதும்போது அது நூற்றுக்கணக்கான கோப்புகளைத் திறந்து வைத்திருக்கும்.

இணையத்துக்கு: முதல் மாதம் 700 ஜிபிக்கு மேல் இறங்கும். உங்கள் பிராட்பேண்ட் திட்டத்தின் மாத வரம்பைப் பாருங்கள். 3300 ஜிபி என்றால் பிரச்சினை இல்லை, மொபைல் ஹாட்ஸ்பாட்டை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். வைஃபையைவிடக் கேபிள் நல்லது. ரூட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்கத் தேவையில்லை, நோடு தானே வெளியே போய்ப் பத்து இணைப்புகளைப் பிடித்துக்கொள்ளும். நோடு கட்டளைகளை வாங்கும் 8332 போர்ட்டையும் எலெக்ட்ர்ஸின் 50001ஐயும் வெளியுலகுக்குத் திறக்கவே கூடாது. வெளியூரிலிருந்து வாலட்டை இணைக்க வேண்டுமானால் டோர் என்ற மறைவான வலையமைப்பு வழியாகச் செய்யலாம். அந்த லேப்டாப்பில் வாலட்டின் சாவியையோ அதை மீட்டெடுக்கும் சீட் சொற்களையோ வைக்காதீர்கள்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்குவதற்கு மட்டுமே குறைந்தது 16 மணி நேரம். எஸ்எஸ்டி போட்ட உங்கள் லேப்டாப்பில் சரிபார்ப்பும் சேர்ந்து இரண்டிலிருந்து நான்கு நாள், அதன் பிறகு இன்டெக்ஸுக்கு அரை நாளிலிருந்து ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள் ஒன்று செய்யுங்கள். நோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே சார்ஜரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். பேட்டரி தாங்கவில்லை என்றால் அப்போது இழப்பு பத்து நிமிட வேலைதான். வாங்குவதற்கு முன் லேப்டாப்பின் மாடல் எண்ணையும், இப்போதைய ஹார்ட் டிஸ்க்கின் நிலையைப் பற்றி ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவி காட்டும் விவரத்தையும் எனக்கு எழுதுங்கள். உள்ளே எம்.2 இடம் இருக்கிறதா, சாட்டா எஸ்எஸ்டிதான் வாங்க வேண்டுமா, அந்தப் பழைய டிஸ்க்கைப் பிளாக்குகளுக்கு நம்பலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.